கமலாக்ஷியின் திவசம்

சயான் கோலிவாடா, பம்பாய்
13-1-1980

சிரஞ்சீவி லக்ஷ்மிநாராயணனுக்கு அநேக ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம். நீயும் உன் குடும்பமும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று அம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பத்தொன்பது வருஷமாகியும் என் கையெழுத்து திருந்தவில்லை. அதனால் கவரைப் பார்த்ததுமே யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான்தான். இப்போது என் பெயர் கமலாக்ஷி. பழைய பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, நானும் அதை எழுதுவதில்லை. 1961-ல் வீட்டை விட்டுப் போனது உன் அண்ணா என்று ஊரில் பேசியிருப்பார்கள். போனது உன் அக்கா. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே ஆவுடையம்மாள் என்பவளோடு இருக்கிறேன். அவளும் என்னைப் போன்றவள்தான், திருநெல்வேலிக்காரி. என்னை மகளாக எடுத்துக்கொண்டு எனக்குப் பெயர் வைத்தவள் அவள். இரண்டு பேருமாக இட்லி அவித்து ரயில் பாலத்துக்குக் கீழே விற்கிறோம். போன வாரம் நம் ஊர் மிளகுத் தரகர் அப்பு வந்து சாப்பிட்டார். சாம்பாரை வாயில் வைத்ததும், ‘இது கொச்சிக்காராள் கை’ என்றார். நாக்கு நல்ல நாக்கு. அவர் சொல்லித்தான் அப்பா போய்விட்டார் என்று தெரிந்தது. தலை முழுகினேன். நீ ஜூ டவுனில், யூதர் தெருவில், மிளகுக் கிடங்கில் கணக்கெழுதுகிறாய் என்றும், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றும் சொன்னார். வீட்டு நம்பர் தெரியாததால் கிடங்குக்கே எழுதுகிறேன்.

இரண்டு வரி போடு. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன் அக்கா,
கமலாக்ஷி

*

மட்டாஞ்சேரி
24-2-1980

க்ஷேமம். கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் தேக ஆரோக்கியம் நன்றாக இருக்குமென்று நம்புகிறேன்.

அப்பா போன மேட மாதம், சித்திரையில், காலமானார். அதிகம் கஷ்டப்படவில்லை. என் மனைவி லோகாம்பாள், பாலக்காட்டுப் பெண். மகள் கங்காவுக்கு ஏழு வயது. நன்றாகப் படிக்கிறாள். மலையாளம்தான் சரளமாக எழுதுவாள், தமிழ் வீட்டில் சொல்லிக் கொடுக்கிறோம்.

இனியும் எழுதுவதாக இருந்தால் கிடங்கு விலாசமே சௌகரியம். வீட்டுக்கு எழுத வேண்டாம். பழைய விஷயங்களை எழுதாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

லக்ஷ்மிநாராயணன்

*

பம்பாய்
20-5-1980

சிரஞ்சீவி லக்ஷ்மிநாராயணனுக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். ஆவுடையம்மாளுக்குத்தான் முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை.

உன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒரு பெயரும் போடாமல் எழுதியிருக்கிறாய். கரண்ட் ஆபீசிலிருந்து வரும் நோட்டீசில்கூட ஒரு பெயர் இருக்கும். அண்ணா என்று எழுதாமல் விட்டாயே, அதுவரைக்கும் சந்தோஷம். அக்கா என்று எழுதக் கை பழக நாளாகும் என்றால் காத்திருக்கிறேன். அதில் எனக்கு அனுபவம் இருக்கிறது.

பழைய விஷயம் வேண்டாம் என்கிறாய். எனக்கு உன்னோடு இருப்பது பழைய விஷயம் மட்டும்தானே, வேறு எதை எழுதுவது? நீ கல்வத்தித் தோட்டில் விழுந்தபோது நான் கால்வாயில் குதித்து உன் குடுமியைப் பிடித்து இழுத்தேனே, கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்பு உன் இடது குதிகாலில் இன்னும் இருக்குமே, அதைக் கங்காவுக்குச் சொல்லியிருக்கிறாயா? இழுத்தது யார் என்று சொன்னாய்? அது ஒன்றை மட்டும் எழுது.

குழந்தைக்கு என் முத்தம். லோகாம்பாளுக்கு ஆசீர்வாதம்.

உன் அக்கா,
கமலாக்ஷி

*

மட்டாஞ்சேரி
11-6-1980

கமலாக்ஷி அம்மாளுக்கு லோகாம்பாள் நமஸ்காரம். நீங்கள் சௌக்கியம் என்று நினைக்கிறேன். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிடங்கில் வேலைநிறுத்தம். தபால்காரச் சேட்டன் எங்களைத் தெரிந்தவர் என்பதால் உங்கள் கடிதத்தை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் படித்தேன். அது தப்புதான். ஆனால் படித்ததை இனி படிக்காததாக ஆக்க முடியாது.

என் புருஷனுக்கு ஓர் அண்ணா இருந்தார், பம்பாயில் காலரா வந்து இறந்துபோனார் என்று பெண் பார்க்க வந்த அன்றே என் மாமனார் சொன்னார். என் அப்பா வைத்தீஸ்வரன் ஆசாரம் பார்க்கிறவர். கல்யாணமாகாமல் போன ஜீவனுக்குத் தம்பிதானே செய்ய வேண்டும் என்று சொல்லி, திதி என்ன என்று கேட்டார். துலாம், அதாவது ஐப்பசி மாதம், கிருஷ்ண பஞ்சமி என்று பதில் வந்தது. அப்பா அதற்காகவே வருஷா வருஷம் பாலக்காட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து நடத்திக் கொடுக்கிறார். ஒன்பது வருஷமாக அந்தத் திவசத்துக்கு நான் மடியுடுத்திச் சமைக்கிறேன். பிண்டம் வைத்து, பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வாயில் தண்ணீர் விடுவேன். கங்கா வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தேன். பார்த்தே இராத மைத்துனருக்காக அழுதும் இருக்கிறேன்.

தோட்டில் குதித்தது அந்த மைத்துனர். அந்தக் கதையை இந்த வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். குதிகால் தழும்பு வெளியாட்களுக்குத் தெரியாது. நீங்கள் யார்? என் புருஷனிடம் நான் இன்னும் கேட்கவில்லை. உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன்.

லோகாம்பாள்

*

பம்பாய்
22-6-1980

சௌபாக்கியவதி லோகாம்பாளுக்கு அநேக ஆசீர்வாதம். உன் தமிழில் தப்பு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை ஆவுடையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, ‘உசுரோட இருக்கவளுக்கா எள்ளும் தண்ணியும் எறச்சாக?’ என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் யார் என்று கேட்டாயே, சொல்கிறேன். நீ திவசம் செய்தாயே, அது நான்தான். எனக்குக் காலரா வரவில்லை. ஆண் பிள்ளை என்று சொல்லி வளர்த்தார்கள், நான் பெண். அது அந்த வீட்டில் கொள்ளவில்லை, அதனால் போனேன். தோட்டில் குதித்தவள் நான். உன் புருஷனுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தவள், அவன் அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், எல்லாம் நான்தான். அதை எல்லாம் எடுத்துச் செத்துப்போன யாரோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கோபத்தில் உடம்பு எரிகிறது லோகா. ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்காகப் பட்டினி கிடந்தாய் என்று எழுதினாயே, அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. நான் போன பிறகு எனக்காக அந்த வீட்டில் ஒருத்தியாவது அழுதிருக்கிறாள். இதற்கு உன்னிடம் கோபப்படுவதா, உன் காலில் விழுவதா என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

இனி அந்தச் சமையலைச் செய்யாதே. உன் புருஷனிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.

கமலாக்ஷி

*

பம்பாய்
22-6-1980

லக்ஷ்மிநாராயணனுக்கு ஆசீர்வாதம்.

நான் செத்துப்போன சமாசாரத்தை லோகா எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

பொய் சொன்னது அப்பா. அவர் போய்விட்டார், அவரிடம் கேட்க முடியாது. ஆனால் ஒன்பது தடவை விரலில் தர்ப்பையோடு உட்கார்ந்தது நீ. நாலு மாதத்துக்கு முன்னால் உயிரோடு இருக்கிறவளுக்கு க்ஷேமம் விசாரித்துக் கடிதம் எழுதினாய். துலாம் மாதம் வந்தால் அதே கையால் பிண்டம் பிடிப்பாயா? அன்றைக்கு நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன். உட்கார்ந்தாயானால், உனக்கு நான் செத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அதன் பிறகு எழுத மாட்டேன்.

கமலாக்ஷி

*

மட்டாஞ்சேரி
30-8-1980

க்ஷேமம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

அப்பா அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மறுக்கவில்லை. பிறகு மாமனார் திவசம் செய்ய வேண்டும் என்றதும் அதையும் மறுக்க முடியவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்தால் அடுத்த வருஷமும் உட்கார வேண்டியதாகிவிட்டது. அப்பா அந்த நாளில் உள் அறையை விட்டு வெளியே வர மாட்டார், சாப்பிடவும் மாட்டார்.

இப்போது நிறுத்தினால் மாமனார் காரணம் கேட்பார். காரணம் தெரிந்தால் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார். லோகாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போகும். அவருக்கு வயது எழுபத்திரண்டு. அவர் காலம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளக் கேட்கிறேன். மனதில் நான் அந்தப் பெயரைச் சொல்லாமலேயே செய்துவிடுகிறேன்.

லோகா இரண்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை. சாயா கொண்டுவந்து வைக்கிறாள், சாதம் போடுகிறாள், அவ்வளவுதான்.

லக்ஷ்மிநாராயணன்

*

மட்டாஞ்சேரி
30-10-1980

அக்காவுக்கு லோகாம்பாள் அநேக நமஸ்காரம். ஆவுடையம்மாளின் முழங்கால் எப்படி இருக்கிறது? வேதனைக்குத் தேய்க்கக் குழம்பு என்கிற மருந்தெண்ணெய் ஒரு குப்பி அப்புவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இவர் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதவில்லை என்று தெரியும். தினமும் தபால் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று முன்தினம் பஞ்சமி. அப்பா முந்தின நாளே வந்துவிட்டார். நான் எள் வறுக்கவில்லை, பாகற்காய் நறுக்கவில்லை, அடுப்பே மூட்டவில்லை. சாஸ்திரிகள் வந்தார். இவர் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்து மணையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு மனது விட்டுப்போயிற்று. சாஸ்திரிகள் கோத்திரம் கேட்டார், சொன்னார். பெயர் கேட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை. சாஸ்திரிகள் இரண்டாம் தடவை கேட்டார். அப்பா அந்தப் பெயரைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

அப்போது இவர் விரலிலிருந்து தர்ப்பைப் பவித்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “செத்துப்போனவா யாரும் இல்லை. நாங்க பொய் சொல்லிட்டோம். எனக்கு ஓர் அக்கா இருக்கா. பம்பாயில இருக்கா. பேரு கமலாக்ஷி.”

எல்லாவற்றையும் சொன்னார். அப்பா முழுவதையும் கேட்டார். கடைசியில், “ஒம்பது வருஷம் என்னையும் பக்கத்தில உக்கார வெச்சுண்டு இதைப் பண்ணினேளா?” என்று மட்டும் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. எனக்கு இனிப் பாலக்காட்டு வீடு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது வலிக்கிறது, வலிக்கவில்லை என்று உங்களிடம் பொய் எழுத மாட்டேன். ஆனால் அடுப்பு மூட்டாததற்கு நான் வருத்தப்படவில்லை.

சாஸ்திரிகள் போகவில்லை. அவர் எதற்கும் அதிர்கிறவர் இல்லை, சாஸ்திரத்தில் என்ன இருக்கிறது என்றுதான் யோசிப்பார். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பிண்டம் போட்டுவிட்டால், அவர்கள் திரும்பி வரும்போது அன்றைக்குப் பிறந்த குழந்தையாக வைத்து ஜாதகர்மம், நாமகரணம் எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். எந்தப் பெயர் வைப்பது என்று கேட்டேன். “கமலாக்ஷின்னு நீங்கதானே சொன்னேள். பொண்கொழந்தைக்கு உண்டானதைப் பண்ணிடலாம்” என்றார்.

அக்கா, நினைத்துப் பாருங்கள். இந்த வீட்டில், அக்கினி முன்னால், பெண்ணாகப் பிறந்ததாக உங்களுக்குப் பெயர் வைப்பார்கள். அதன் பிறகு யார் என்ன சொல்ல முடியும்? தையில் நாள் பார்க்கச் சொல்லட்டுமா? வந்துவிடுங்கள்.

லோகா

*

பம்பாய்
16-11-1980

சௌபாக்கியவதி லோகாவுக்கு அநேக ஆசீர்வாதம். ஆவுடையம்மாள் உன் குழம்பைத் தேய்த்துக்கொண்டு இரண்டு படி ஏறிக் காட்டினாள்.

நீ அடுப்பு மூட்டாமல் இருந்ததற்கும், அவன் பவித்திரத்தைக் கழற்றியதற்கும் நன்றி என்று எழுதினால் கடைக்காரனிடம் சொல்வது போல இருக்கிறது. அதனால் எழுதவில்லை. உன் அப்பாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அவர் நம்பித்தான் செய்தார். அவருக்குக் கடிதம் எழுதுவதை விடாதே, பதில் வராவிட்டாலும் எழுது.

சாஸ்திரிகளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். பெரிய மனது அவருக்கு. ஆனால் அந்தக் கர்மம் எனக்கு வேண்டாம் லோகா.

நீ மனது நோகாதே, காரணத்தைக் கேள். பெயர் எனக்கு ஏற்கெனவே ஆவுடையம்மாள் வைத்துவிட்டாள். அதன் மேல் இன்னொரு முறை வைத்தால் அவளை அவமானப்படுத்தியதாகும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. தையில் நான் புதிதாகப் பிறந்தால், அதற்கு முன்னால் அந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தது யார்? மறுபடியும் அந்த வருஷங்களை வேறு ஒருவனுக்குத்தான் கொடுப்பீர்கள். போகும் வரைக்கும் ‘அவன்’, வந்த பிறகு ‘அவள்’ என்று நடுவில் கோடு போடுவீர்கள். என்னைப் பெண் என்று ஒத்துக்கொள்கிற நல்லவர்கள்கூட இங்கே அப்படித்தான் பேசுகிறார்கள். சின்ன வயசைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் பழைய ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் 1942-லேயே பிறந்தாயிற்று, பிறந்தபோதே உங்கள் வீட்டுப் பெண்தான். அது அப்போது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். கங்காவுக்குப் பெரியப்பா கதை என்று சொன்னீர்களே, அதை எல்லாம் அத்தை கதையாகத் திருப்பிச் சொல்லுங்கள். நீ சொல்ல வேண்டாம். கூட இருந்தவன் அவன், அவன் சொல்லட்டும். சொல்லிவிட்டான் என்று தெரிந்தால் வருகிறேன்.

உன் அக்கா,
கமலாக்ஷி

*

மட்டாஞ்சேரி
7-12-1980

அன்புள்ள அக்காவுக்கு லக்ஷ்மிநாராயணன் அநேக நமஸ்காரம். இங்கே மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் ஆவுடையம்மாள் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

ஞாயிற்றுக்கிழமை கங்காவைக் கல்வத்திப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதுவரை சொன்னதெல்லாம் பொய், பெரியப்பா என்று யாரும் இல்லை, எனக்கு அக்காதான் இருக்கிறாள் என்று சொன்னேன். தோடு, சைக்கிள், அம்மை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அக்கா குதித்தாள், அக்கா பிடித்தாள் என்று சொல்லச் சொல்ல, இத்தனை நாள் சொன்னதைவிட எனக்கே சரியாக ஞாபகம் வந்தது. கங்கா சங்கடப்படவில்லை. “பின்ன அத்தை ஏன் போயிட்டா?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுத வேண்டும். இதை எழுத முடியாமல்தான் முதல் கடிதத்தில் பழைய விஷயம் வேண்டாம் என்று எழுதினேன்.

அப்பா வெளியே போயிருக்கும்போது நீ காலஞ்சென்ற அம்மாவின் புடவையை எடுத்துக் கட்டிக்கொள்வாய். நான் வாசலில் நிற்பேன். அப்பா தெருவில் வந்தால் நான் இரண்டு தடவை இரும வேண்டும். ஆறேழு வருஷம் அப்படிச் செய்திருக்கிறேன், ஒரு தடவையும் தவறவில்லை. நீ போவதற்கு முந்தின நாள், சதுர்த்தி அன்று, அப்பா தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தேன். நான் இருமவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைச் சொல்லி என்னைக் கேலி செய்தார்கள். அப்பா பார்க்கட்டும், பார்த்தால் இதெல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் அப்படி அடிப்பார் என்று நினைக்கவில்லை. மறுநாள் நீ போய்விட்டாய்.

மாமனார் திதி கேட்டபோது அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. பஞ்சமி என்று சொன்னது நான்.

இதற்குப் பிறகும் நீ வருவாயானால் எந்த ரயில் என்று எழுது. வராவிட்டால் எனக்குக் கேட்க வாயில்லை.

உன் தம்பி,
லக்ஷ்மிநாராயணன்

*

பம்பாய்
4-1-1981

சிரஞ்சீவி லக்ஷ்மிநாராயணனுக்கு அநேக ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சௌக்கியம்.

நீ இருமாதது எனக்கு அன்றைக்கே தெரியும். நான் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன், கதவு ஒருக்களித்திருந்தது. நீ தெருவைப் பார்த்ததும், பிறகு திரும்பி என்னைப் பார்த்ததும், வாயை மூடிக்கொண்டதும் எல்லாம் கண்ணாடியில் தெரிந்தது. அப்பா உள்ளே வரும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. புடவையை அவிழ்க்க நேரம் இருந்தது. நான் அவிழ்க்கவில்லை.

மன்னித்தேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தை வரவில்லை. வராததை எழுதக் கூடாது. உனக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்தொன்பது. யார் மீது கோபப்படுவது என்று இத்தனை வருஷத்தில் நிறைய யோசித்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் உன்னைப் பார்த்த பிறகும், அப்பு உன் பெயரைச் சொன்ன அன்றைக்கே காகிதம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதை நீ என்னவாக எடுத்துக்கொள்வாயோ எடுத்துக்கொள்.

தை பத்தாம் தேதி இங்கே ரயில் ஏறுகிறேன். ஆவுடையம்மாளும் வருகிறாள். அவளை என் அம்மா என்று கங்காவுக்குச் சொல்லி வை. லோகாவிடம் தடபுடலாக ஒன்றும் சமைக்க வேண்டாம் என்று சொல்.

கங்காவுக்கு நீ சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அடியைச் சொன்னாய், போனதைச் சொன்னாய். அம்மாவின் அந்த வெங்காயத்தோல் நிறப் புடவையில் உன் அக்காவைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். அப்பா போய்விட்டார். மிச்சம் நீ ஒருவன்தான். அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வந்ததும் அதைத்தான் முதலில் கேட்பேன்.

உன் அக்கா,
கமலாக்ஷி